மூன்றாவது குழாயின் மேல்பக்கம்

4 ஏப்ரல் 2006, செவ்வாய்

நேற்றிலிருந்து தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கத் தடை. மழைக்குப் பேர்போன லண்டனில் தண்ணீர் காணாதாம். கௌரி வாளியில் அள்ளி அள்ளி ரோசாச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டே, "இதுக்குத்தானோ உங்களை நம்பி ஜேர்மனியை விட்டு வந்தனான்?" என்று என்னை ஏசினாள். தடையை நான்தான் போட்டேன் என்ற நினைப்பு.

ஆய்வுகூடத்தில் ஹம்சினியிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு வருஷம் மழை குறைஞ்சதுக்கே லண்டன் இந்தப் பாடு படுது அங்கிள். மாயாக்காரங்க எவ்வளவு தாங்கியிருப்பாங்க, பாருங்க!"

இந்தத் திருச்சிப் பெண்ணுக்கு வேறு பேச்சே கிடையாது. மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் மலை மலையாகக் கோயில் கட்டிய மாயர்கள், ஆயிரத்துச் சொச்ச வருடங்களுக்கு முன்பு அந்த நகரங்களை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? அதைத்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் அங்கே டெக்னீஷியன். சாமான் கழுவுவேன், இயந்திரம் திருத்துவேன், குளிர் அறையில் சேற்றுக்குக் காவல் இருப்பேன். சேறு என்றால் உண்மையிலேயே சேறுதான். குவாத்தமாலாவில் ஒரு குளத்தின் அடியில் குழாயைச் செருகி எடுத்தது. மேலே புதுச் சேறு, கீழே பழஞ்சேறு. மீட்டர் நீளத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை வேலைக்கும் மற்றப் பாதியைக் கை படாமல் காப்புக்கும் வைத்திருக்கிறோம்.

இன்று தன் வரைபடத்தைக் காட்டினாள். சேற்றில் சோள மகரந்தம் இருந்தால் அங்கே சனம் விதைத்திருக்கிறது. வெள்ளைப் பட்டை இருந்தால் குளம் வற்றியிருக்கிறது. போர் என்கிறார்கள், காட்டை வெட்டினது என்கிறார்கள், நோய் என்கிறார்கள், அரசன் மேல் நம்பிக்கை போனது என்கிறார்கள். "எல்லாமே இருக்கலாம் அங்கிள். ஆனா இந்தக் குளத்துல முதல்ல வந்தது வறட்சி. மூணாவது குழாய்ல தெளிவா இருக்கு. வெள்ளைப் பட்டை, உடனே சோளம் காணோம். அப்புறம்தான் அதிசயம். மறுபடி சோளம் வருது. போனவங்கள்ல கொஞ்சம் பேரு திரும்பி வந்து விதைச்சிருக்காங்க! அதுக்கு மேலதான் ஒரேயடியா நின்னுடுச்சு."

திரும்பி வந்தார்களாம். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கௌரிக்கும் சொன்னேன். "அவையாவது திரும்பிப் போச்சினமே" என்றாள்.

6 ஏப்ரல், வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் ஏலாது.

ஹம்சினிக்குப் படம் எடுக்க வேண்டும் என்று மூன்றாவது குழாயை இறக்கினேன். மேல்பக்கம் என்று என் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் பக்கத்தில் மூலை உடைந்திருந்தது.

அந்த மூலையை உடைத்தது நானேதான். இங்கே சேர்ந்த புதிதில் தரையில் போட்டுவிட்டேன். பேராசிரியர் ஹெலன் ஓடிவந்து பார்த்து, நல்ல காலம், கீழ்ப்பக்கம்தான், சேறு சிந்தவில்லை என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கீழ்ப்பக்கம். இப்போது அது எப்படி மேலே வந்தது?

எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாதா என்ன! போன ஒக்டோபர், ஆயுத பூசை. ஸ்ருட்காட்டில் கராஜில் வேலை செய்த காலத்திலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். அன்றைக்கு ஒவ்வொரு சாவியையும் ஸ்பானரையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தால்தான் முதலாளி அண்ணை கதவைத் திறப்பார். இங்கேயும் ஒருவருக்கும் தெரியாமல் வருடா வருடம் செய்து வந்தேன். போன வருடம் பக்தி கூடிப்போச்சு. குழாய்களில் பழைய மை எழுத்து அசிங்கமாக மங்கிக் கிடந்தது. ஸ்பிரிற் போட்டுத் துடைத்தேன், புதிதாக எழுதலாம் என்று. நடுவில் கௌரியின் டெலிபோன்: மோதகத்துக்குத் தேங்காய் இல்லை, வரும்போது வாங்கி வாங்கோ. காதில் போனை இடுக்கிக்கொண்டே குழாய்களைத் திருப்பித் திருப்பித் துடைத்தேன். பிறகு மேல், கீழ் என்று அழகாக எழுதிப் பொட்டும் வைத்தேன். பார்க்க வடிவாய் இருந்தது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மடையன். விசரன். ஒரு தேங்காய்க்கு ஒரு குளத்தைத் தலைகீழாக்கிவிட்டேன்.

7 ஏப்ரல், வெள்ளி

வேறு ஏதாவது குழாயின் மூலையும் உடைந்திருக்கலாம் — இல்லை. எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டேன்.

9 ஏப்ரல், ஞாயிறு

கௌரியிடம் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைக்கவேயில்லை.

"ஆரும் உங்களைக் கேட்டவையே?"

"இல்லை."

"பேந்தென்ன? செத்து ஆயிரம் வருஷமான சனம். ஆர் முதல் போனது, மழை எப்ப நிண்டது எண்டு இப்ப ஆருக்கு என்ன? எங்கடை பெடியன் நிரூபன் இன்னும் படிச்சு முடிக்கேல்லை. வேலை போனா என்ன செய்யப் போறியள்? பேசாமல் இருங்கோப்பா."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதைக் கேட்கத்தான் அவளிடம் போனேன்.

12 ஏப்ரல், புதன்

ஹம்சினி லட்டுப் பெட்டியோடு வந்தாள். ஜேர்மனியில் ஒரு ஆராய்ச்சி நிலையம் இந்த முடிவைப் பார்த்துவிட்டு வேலை தருகிறதாம். ஜூனில் மாநாட்டில் பேசுகிறாள், ஓகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுக்கிறாள், செப்ரம்பரில் விசா முடியமுன் அங்கே போய்விடலாம்.

"முதல் லட்டு உங்களுக்குத்தான் அங்கிள். நீங்க இல்லேன்னா அந்தக் குளிர் ரூம்ல எனக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது."

விழுங்கினேன். "நல்லாய் வருவாய் பிள்ளை" என்று தலையில் கை வைத்தேன். சீ, அந்தக் கையைத்தான் வெட்ட வேண்டும்.

14 ஏப்ரல், வெள்ளி

சித்திரை வருடப்பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில். மனோர் பார்க் முருகன் கோயிலில் சரியான சனம், நிற்க இடமில்லை. அர்ச்சனைத் தட்டை வாங்கி ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டபோது, என் பெயரைச் சொல்லாமல் ஹம்சினியின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் தெரியாது. கௌரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முருகனிடம் என்ன கேட்டேன்? ஒருவேளை நான் எழுதியதுதான் சரியாகவும், என் ஞாபகம் பிழையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். இப்படியும் ஒரு வேண்டுதல்.

20 ஏப்ரல், வியாழன்

காப்புப் பாதி இருக்கிறதே. அது மேல் தட்டில் பொலித்தீனில் சுற்றிக் கிடக்கிறது. இடுப்பில் நாரிப் பிடிப்பு இருந்ததால் போன வருடம் அந்தத் தட்டுக்கு நான் ஏறவில்லை. பக்தி அவ்வளவுதான் எட்டியது. அதில் பழைய எழுத்து அப்படியே இருக்கிறது. ஹெலனின் அனுமதி இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் ஏணி வைத்து இறக்கித் திறந்தேன்.

இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வேலைப் பாதியில் வெள்ளைப் பட்டை கீழ் முனைக்குக் கிட்ட. காப்புப் பாதியில் மேல் முனைக்குக் கிட்ட.

அப்படியென்றால் உள்ளது இதுதான்: சோளம் இருந்தது. பிறகு நின்றது. அதற்குப் பிறகுதான் மழை நின்றது. மழை பொய்க்கமுதலே சனம் போய்விட்டது.

ஒருவரும் திரும்பி வரவில்லை. அது நான் செய்த வேலை.

திரும்பச் சுற்றி மேலே வைத்துவிட்டு வந்து தேநீர் குடித்தேன். இதுவரைக்கும் சந்தேகம் என்று ஒரு சாட்டு இருந்தது. இனி அதுவும் இல்லை.

22 ஏப்ரல், சனி

செத்துப்போன சனம் என்று கௌரி சொன்னது பிழை. இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இன்றைக்கும் தங்கள் பாசைகளைப் பேசுகிறார்கள், சோளம் விதைக்கிறார்கள். நகரத்தை விட்டார்களே தவிர உலகத்தை விடவில்லை. ஹம்சினி குளக்கரைக் கிராமத்தில் ஒரு அம்மா வீட்டில்தான் தங்கியிருந்தாள், அந்த அம்மாவும் மாயர் இனப் பெண்தான். புறப்படும்போது கையைப் பிடித்து, "எங்க ஆளுங்க ஏன் போனாங்கன்னு தெரிஞ்சா எனக்கும் வந்து சொல்லும்மா" என்று கேட்டாளாம். இந்தக் கதையை ஹம்சினி எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள்!

அந்த அம்மாவுக்கு என்ன போய்ச் சேரப் போகிறது? என் தேங்காய்க் கதை.

குரோய்டன் நினைவு வருகிறது. அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்தில் அகதி மனுவுக்காக என்னை விசாரித்த பெண், முதலில் எது நடந்தது, பிறகு எது நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். களைப்பில், ஆமி தம்பியைப் பிடித்ததையும் வீடு எரிந்ததையும் முன்பின் மாற்றிச் சொல்லிவிட்டேன். நடந்ததெல்லாம் உண்மை, வரிசை மட்டும்தான் மாறியது. நம்பமுடியாது என்று எழுதிவிட்டார்கள். அப்பீல் முடியும் வரைக்கும் பட்ட பாடு கௌரிக்குத் தெரியும். வரிசை மாறினால் ஒரு ஆளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

25 ஏப்ரல், செவ்வாய்

இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் போனேன். அவள் மாநாட்டுக்குப் பெரிய படம் அச்சடித்து வந்து சுவரில் பிடித்து, "நேரா இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் உயர்த்து" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. உயர்த்து என்றேன்! என்ன கோதாரிக்கு எனக்கு வாய் இருக்கிறதோ தெரியவில்லை.

3 மே, புதன்

சொல்லிவிட்டேன்.

நுண்நோக்கி அறையில் தனியாக இருந்தாள். கதவைச் சாத்தினேன். நின்றபடியே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. "பிள்ளை, மூண்டாவது குழாய் தலைகீழ். நான்தான் மாத்தி எழுதிப்போட்டன்."

"என்ன சொல்றீங்க அங்கிள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்தது, டெலிபோன், உடைந்த மூலை, காப்புப் பாதியைக் களவாகத் திறந்தது. அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "ரெண்டாவது குழாயும் மூணாவதும் பொருந்தவே இல்ல. நடுவுல கொஞ்சம் சேறு போயிருக்கும்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "எதுக்குத் துடைச்சீங்க?" என்றாள்.

"ஆயுத பூசைக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையானது. "எங்க அப்பா பிரஸ் வச்சிருக்காரு அங்கிள். நாங்களும்தான் ஆயுத பூஜை பண்றோம். மெஷினைத் துடைப்போம், பொட்டு வைப்போம், மாலை போடுவோம். அச்சுக்குக் கோத்து வச்ச எழுத்துல மட்டும் யாரும் கை வைக்க மாட்டாங்க. சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்."

கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"ஏப்ரல் தொடக்கத்திலை."

"நான் லட்டு குடுத்தப்போ தெரியுமா?"

ஓம் என்றேன். அதுதான் அவளைக் கொன்றது. குழாய் அல்ல. எழுந்து குளிர் அறைக்குப் போய்விட்டாள். கோட்டைக்கூடப் போடாமல் போனாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவடியில் நின்றேன், கதவு திறக்கவில்லை. கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன்.

4 மே, வியாழன்

ஹெலனின் அறை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. துடைத்தது தவறு, தவறு எல்லாருக்கும் வரும் என்றார். தெரிந்த பிறகும் ஹம்சினியைப் படம் அச்சடிக்க விட்டீர்களே, அதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்றார். என்னாலும் முடியவில்லை என்று சொன்னேன்.

வேலை போகவில்லை. எச்சரிக்கை. என் சாவிக் கொத்திலிருந்து குளிர் அறைத் திறப்பைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். வீட்டில் கௌரி திறப்புக் கோர்வையைப் பார்த்தாள், சோற்றைப் போட்டாள்.

20 ஜூன், செவ்வாய்

மாநாட்டுக்கு அவள் போகவில்லை. ஜேர்மன்காரர், முடிவு மாறிவிட்டதால் யோசிக்க வேண்டும் என்றார்களாம்; வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்று வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் என்னோடு கதைப்பதில்லை. நான் லிப்டுக்குள் நின்றால் படியால் ஏறிப் போகிறாள்.

முதலிலிருந்து எண்ணுகிறாள். நுண்நோக்கியின் மேல் குனிந்த அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

12 செப்ரம்பர், செவ்வாய்

விசா நீடிக்க அவள் குரோய்டன் போக வேண்டும் என்று ஹெலன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அந்த வரிசையை என்னைவிட ஆருக்குத் தெரியும்? விடியமுதல் பஸ் பிடித்துப் போய் நின்றேன். அப்போதே எனக்கு முன்னால் வரிசை மூலை திரும்பியிருந்தது. அவள் வந்தபோது நான் வாசலுக்குக் கிட்ட வந்துவிட்டேன். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"பிள்ளை, இதிலை வந்து நில். நான் போறன்."

"நீங்க ஏன் இதெல்லாம் பண்றீங்க?"

"வேறை ஒண்டும் செய்யத் தெரியேல்லை."

வந்து நின்றாள். பிளாஸ்கை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்றெல்லாம் இல்லை, குளிர். நான் டிராம் நிறுத்தத்துக்கு நடந்தேன். திரும்பவும் சண்டை தொடங்கி, ஊருக்குப் போகிற பாதையும் போன மாதம் பூட்டியாச்சு. இனி எங்களில் ஆர் திரும்பிப் போகப் போகினம்? குளத்துச் சேற்றில் மட்டும் நான் சனத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

20 ஜனவரி 2007, சனி

குழாய்த் தடையை எடுத்துவிட்டார்கள். வெளியே அடைமழை. ரோசாவில் பாதி போன கோடையிலேயே பட்டுவிட்டது, கௌரி அந்தக் கொப்புகளை வெட்டுகிறாள்.

30 ஓகஸ்ட், வியாழன்

ஆய்வேடு கொடுத்தாயிற்று. ஹம்சினி தானாக வந்து, நான் சாமான் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அந்தம்மாவுக்குக் கடிதாசி எழுதிட்டேன் அங்கிள்."

"என்னெண்டு எழுதினனீ?"

"மழை நிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்கன்னு. பக்கத்து ராஜாவோட சண்டையா, காட்டை வெட்டி மண்ணு போச்சா, கோயில் கட்டிக்கிட்டே இருந்த ராஜா மேல வெறுப்பா, தெரியல. ஒரு காரணம் சொல்ல முடியாது. வறட்சி வந்தப்போ அந்தக் கரையில விதைக்க ஆளே இல்ல. மத்த ஊர்கள்ல வறட்சிதான் துரத்தியிருக்கும். இந்த ஊர்ல இல்ல."

"திரும்பி வந்தவை எண்டு…"

"இல்ல அங்கிள். வரல."

தண்ணீர்க் குழாயை மூடினேன். "என்னாலை உனக்கு ஒரு வருஷம் போச்சு, ஒரு வேலை போச்சு" என்றேன்.

"ஆமா. போச்சு" என்றாள். இல்லை, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவளை இன்னும் மதிக்கிறேன்.

19 ஒக்டோபர், வெள்ளி

ஹம்சினியின் ஆய்வேட்டு நேர்முகப் பரீட்சை போன கிழமை முடிந்தது. இனி டொக்டர் ஹம்சினி. ஞாயிறு திருச்சிக்குப் பறக்கிறாள். வேலை இன்னும் ஒன்றும் அமையவில்லை.

இன்று பின்னேரம் தொட்டியடிக்கு வந்தாள். கையில் குளிர் அறைத் திறப்பு, மற்றக் கையில் ஒரு சின்ன டப்பா.

"நாளைக்கு ஆயுத பூஜை. சனிக்கிழமை லேப் பூட்டியிருக்கும். வாங்க."

"நான் உள்ளுக்கு வரக் கூடாது பிள்ளை."

"ஹெலன்கிட்ட கேட்டுட்டேன். என்கூட வரலாம்."

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தக் குளிர் முகத்தில் அடித்தது. டப்பாவில் சந்தனம் குழைத்து வைத்திருந்தாள். ஒரு குழாயையும் துடைக்கவில்லை. ஒவ்வொன்றாக இழுத்து, எழுத்தைப் பார்த்து, வெளிப்புறத்தில், மேல் முனையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். "இனிமே யாரு எழுத்தை அழிச்சாலும் நெத்தி எந்தப் பக்கம்னு தெரியும்" என்றாள். சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்குத் தெரியாததா?

மூன்றாவது குழாய் வந்தது. அவள் டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"இதுக்கு நீங்க வைங்க."

விரலில் சந்தனத்தைத் தொட்டேன். எழுத்து இப்போது அவளுடையது, சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் உடனே வைக்கவில்லை. மற்றக் கையால் குழாயின் அடியைத் தேடித் தடவினேன். உடைந்த மூலை தட்டுப்பட்டது. கீழேதான் இருந்தது. இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

பிறகுதான் வைத்தேன்.